சென்னையிலிருந்து ஆலம்பரை வரை: ஒரே நாளில் கலங்கரை விளக்கங்களும் கடற்கரைக் கோட்டைகளும், எதை விடலாம்?

நெய்தல்நிலா:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அப்பாவையும் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு காரில் கிளம்பலாம் என்று இருக்கிறேன். மகனுக்குக் கலங்கரை விளக்கம் என்றால் உயிர். அப்பாவுக்குக் கோட்டை, பீரங்கி, பழைய கல்வெட்டு என்றால் போதும், சாப்பாடே வேண்டாம். ஆனால் மூட்டுவலி, நிறையப் படி ஏற முடியாது.

நான் போட்டிருக்கும் திட்டம்: காலையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை, உயர்நீதிமன்ற வளாகத்துப் பழைய கலங்கரை விளக்கத் தூண், மெரினா கலங்கரை விளக்கம். அங்கிருந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, ஆலம்பரைக் கோட்டை. மாலையில் புதுச்சேரியின் பழைய கலங்கரை விளக்கம் பார்த்துவிட்டு இரவு திரும்புவது. முடியுமா? முடியாது என்றால் எதை விடலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈசிஆர்வாசி:
முடியாது மேடம். பட்டியலில் இருப்பது இரண்டு நாள் வேலை.

தூரக் கணக்கை மட்டும் பாருங்கள். மெரினாவிலிருந்து மாமல்லபுரம் 55 கிலோமீட்டருக்குப் பக்கம். ஆலம்பரை இருக்கும் கடப்பாக்கம் சென்னையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். புதுச்சேரி அதையும் தாண்டி இன்னும் 50. மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்கு வழிச்சாலை வேலை நடக்கும் இடங்களில் வண்டி ஊர்ந்துதான் போகும். அதிலும் சனிக்கிழமை என்றால் பாதிச் சென்னை அந்த ரோட்டில்தான் இருக்கும்.

என் யோசனை: விடியும் முன் கிளம்பி நேராக ஆலம்பரைக்குப் போங்கள். வெயில் ஏறுவதற்குள் அதைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் சதுரங்கப்பட்டினம், கடைசியில் மாமல்லபுரம். ஆலம்பரையில் நிழலே கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு அப்பாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் பாவம். சென்னைக்குள் இருப்பதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழையமாடம்:
ஈசிஆர்வாசி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இன்னொரு நாள்" என்று சென்னைப் பகுதியைத் தள்ளினால் பலரும் அதை அப்படியே மறந்துவிடுகிறார்கள். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன் அம்மா.

சென்னையின் விளக்கு நான்கு இடங்களில் எரிந்திருக்கிறது. முதலாவது 1796-ல் கோட்டைக்குள் இருந்த எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மொட்டைமாடியில். தேங்காய் எண்ணெயில் எரிந்த விளக்குகள். அந்தக் கட்டடம்தான் இன்றைய கோட்டை அருங்காட்சியகம். படிக்கட்டருகே காரன்வாலிஸ் சிலை நிற்கும். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள், தலைக்கு மேலே ஐம்பது வருடத்துக்கு அருகில் ஒரு விளக்கு எரிந்ததை யாரும் நினைப்பதில்லை.

இரண்டாவது, இன்று உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கும் டோரிக் என்ற பழைய கிரேக்கப் பாணிக் கல்தூண். மதராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஜே.டி. ஸ்மித் வடிவமைத்தது. 1838-ல் வேலை தொடங்கி, 1844 ஜனவரி 1 அன்று விளக்கேற்றினார்கள். அதன் பக்கத்திலேயே 1892-ல் உயர்நீதிமன்றம் எழுந்தது. அதன் மிக உயர்ந்த கோபுரத்தின் உச்சிக்கு 1894-ல் விளக்கு இடம் மாறியது. ஒரு நீதிமன்றத்தின் தலையில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு இருந்த ஊர் நம்முடையது! நான்காவது 1977 ஜனவரியில் மெரினாவில் வேலையைத் தொடங்கிய முக்கோணக் கோபுரம்.

முதல் மூன்றும் நடந்தே பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. ஒரு துறைமுக ஊர் எப்படி வளர்ந்தது என்பதை அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே பார்த்துவிடலாம். என்னைக் கேட்டால் ஈசிஆர் கோட்டைகளைவிட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

நடைமுறை விஷயங்கள்: கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உள்ளே தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. தூணை வெளியே சாலையிலிருந்து பார்ப்பதோடு பெரும்பாலும் திருப்திப்பட வேண்டியிருக்கும்.

நெய்தல்நிலா:
ரொம்ப நன்றி ஐயா. கோட்டைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனதோடு சரி. ஒரு சந்தேகம். கோட்டையைக் கடலோரத்தில் கட்டினார்கள் என்று படிக்கிறோம். ஆனால் இன்று கோட்டைக்கும் கடலுக்கும் நடுவில் பெரிய சாலை, மைதானம், துறைமுகம் எல்லாம் இருக்கிறதே? மகன் இதைக் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அலைமானி:
நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். பதில் மணல்.

நம் கிழக்குக் கரையில் அலைகள் வருடம் முழுக்க மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி. இரண்டையும் கழித்துப் பார்த்தால் வடக்கு நோக்கிப் போவதுதான் பல மடங்கு அதிகம். 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்களை நீட்டத் தொடங்கினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணலுக்கு அது அணையாகிவிட்டது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து கடல் பின்வாங்கியது. மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான். வடக்குப் பக்கம் ராயபுரம், காசிமேடு கரைக்கு வரவேண்டிய மணல் வராமல் நின்றது. கடல் ஊருக்குள் வந்தது. இன்று அங்கே கரை முழுக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருப்பது அதனால்தான்.

ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்கு மிக அருகில் அலை அடித்தது. இன்று சுவர் அதே இடத்தில் இருக்கிறது, கரைதான் விலகிப் போய்விட்டது. மகனைக் கோட்டையின் கிழக்கு வாசலில் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

பழையமாடம்:
அலைமானி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வரைபடத்தில் கோட்டையைப் பாருங்கள். ஊர்ப்பக்கம் கூர்கூராக நீண்ட கொத்தளங்கள், அகழி. கடல்பக்கம் ஏறக்குறைய நேர்ச்சுவர். எட்டுக்கோண வடிவத்தைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கடலோரம் வைத்த மாதிரி இருக்கும்.

கடற்கரைக் கோட்டை என்றால் கடலைப் பார்த்துத்தானே பலம் இருக்க வேண்டும் என்று தோன்றும். இங்கே கடலே ஒரு காவல். துறைமுகம் இல்லாத திறந்த கரை, உடையும் அலை, ஆழம் குறைந்த கடல். பெரிய கப்பல் தொலைவில்தான் நங்கூரம் போட முடியும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வரவேண்டும். ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை தூக்கித் தரையில் போட்டால் வளைந்து கொடுக்கும், உடையாது. நம் கடலோர மக்களின் கைவேலை. அந்தப் படகோட்டிகள் இல்லாமல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு மூட்டை கூடக் கரை ஏறியிருக்காது.

எதிரி எப்போதும் நிலத்தில் இறங்கி வந்துதான் அடித்தான். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் லா பூர்தொனே தலைமையில் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே புயல் வந்து அவர் கப்பல்களைச் சிதறடித்தது. ஐரோப்பாவில் போட்ட எய்க்ஸ்-லா-ஷப்பேல் சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு கோட்டை ஆங்கிலேயரிடம் திரும்பியது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் விட்டுவிட்டுப் போனார். இந்த இரண்டு அடிகளுக்குப் பிறகு பலப்படுத்திய வடிவம்தான் இன்று நாம் பார்ப்பது.

உள்ளே இருக்கும் புனித மேரி தேவாலயத்தைத் தவற விடாதீர்கள். 1680-ல் கட்டி முடித்தது. கூரையில் மரமே இல்லாமல், குண்டு விழுந்தாலும் தாங்கும்படி செங்கல் வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். சாமி கும்பிடும் இடத்தையும் பதுங்குகுழி போலக் கட்ட வேண்டியிருந்த காலம். அப்பாவுக்கு நிச்சயம் பிடிக்கும், படியும் அதிகம் இல்லை.

கரைவலை:
எம்டனை விட்டுவிட்டீர்களே ஐயா! 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து, சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் பயனில்லை. கப்பல் இருட்டில் போய்விட்டது. குண்டு விழுந்ததற்கான நினைவுக் கல் உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் கிழக்குப் பக்கம் இருக்கிறது. வெளியே நடைபாதையிலிருந்தே பார்க்கலாம்.

பழையமாடம்:
அதை எழுதியதற்கு நன்றி தம்பி. பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டை, பதினெட்டாம் நூற்றாண்டுக் கொத்தளம் எல்லாம் இருந்த ஊரை, தொலைவிலிருந்து சுடும் ஒரு கப்பல் அரைமணிக்குள் கலங்கடித்தது. கோட்டைச் சுவரின் காலம் முடிந்துபோனதை அந்த ஒரு இரவு காட்டிவிட்டது. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றால், நூறடி தள்ளி 1844-ன் தூண், மேலே 1894-ன் விளக்கு மாடம். மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

நெய்தல்நிலா:
மெரினா கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அப்பா மேலே போக முடியுமா?

ஈசிஆர்வாசி:
ஆமாம், லிஃப்ட் இருக்கிறது. இந்தியாவில் லிஃப்ட் உள்ள கலங்கரை விளக்கங்களில் அதுவும் ஒன்று. பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பல வருடம் மூடியிருந்து, 2013 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். கீழே சிறிய அருங்காட்சியகமும் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. நடுப்பகலில் கொஞ்ச நேரம் மூடுவார்கள், மாலையில் சீக்கிரமே முடித்துவிடுவார்கள். சூரிய அஸ்தமனத்துக்கு மேலே நிற்கலாம் என்ற கனவு வேண்டாம். கிளம்பும் முன் நேரத்தை ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாமல்லபுரத்தில் லிஃப்ட் கிடையாது. முதலில் பாறைமேல் ஏற வேண்டும், பிறகு சுழல்படி, கடைசியில் செங்குத்தான குறுகிய ஏணி. அப்பா கீழேயே இருப்பதுதான் நல்லது.

சுடர்மாடம்:
மாமல்லபுரம் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கும் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில்தான் பல்லவர் காலத்துக் கலங்கரை விளக்கம், உலகத்தின் பழைய விளக்கங்களில் ஒன்று என்று பலரும் எழுதுகிறார்கள். இது சரிதானா?

பழையமாடம்:
அது சிவன் கோயில். எட்டாம் நூற்றாண்டு, ராஜசிம்ம பல்லவன் காலம். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே இருக்கிறது. சுவரில் தட்சிணாமூர்த்தி, கயிலையைத் தூக்கும் ராவணன் எல்லாம் இன்னும் தெரிகின்றன. விமானத்தின் மேற்பகுதி இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் அதன் தலையில் விளக்கை வைத்து, கோயிலைக் கலங்கரை விளக்கமாகப் பயன்படுத்தினார்கள். பக்கத்தில் கல்லால் கட்டிய இப்போதைய வட்டக் கோபுரம் 1904-ல் வேலைக்கு வந்தபிறகுதான் கோயில் தப்பித்தது.

பல்லவர் காலத்திலேயே அங்கே தீ மூட்டினார்கள் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. கோயிலாக அதைப் பாருங்கள். அதுவே போதிய பெருமை.

சுடர்மாடம்:
ஐயா, மன்னிக்கவும், இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. கல்வெட்டு இல்லை, சரி. ஆனால் இந்தக் கரையில் விளக்கு எரிந்ததற்கு அதைவிடப் பழைய சான்று இலக்கியத்தில் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற பட்டினம் வருகிறது. வானத்துக்கு முட்டுக்கொடுத்தது போல உயர்ந்த மாடம், ஏணி சாத்தி ஏற வேண்டிய உச்சி, மேலே கூரை வேயாமல் திறந்து விட்டிருக்கிறார்கள். அங்கே இரவில் தீ மூட்டுகிறார்கள். நடுக்கடலில் ஓடும் கலங்களை அந்த ஒளி துறைக்கு அழைக்கிறது. தொண்டைமான் இளந்திரையனின் நாடு, அதாவது காஞ்சியைச் சுற்றியுள்ள நிலம். நீர்ப்பெயற்று என்பது மாமல்லபுரம்தான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. மரபு தொடர்ந்து வந்திருக்கக் கூடாதா?

பழையமாடம்:
பாட்டில் வரும் மாடம் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஏணி, வேயாத மாடம், இரவுத் தீ என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தவர் சொன்னது போல இருக்கிறது. தீ எரிய வேண்டும் என்றால் கூரை வேயக் கூடாது, அது கட்டுமான அறிவு. ஆனால் அந்தப் பாட்டுக்கும் ராஜசிம்மனுக்கும் நடுவில் பல நூற்றாண்டுகள் இடைவெளி. அந்த மாடம் வேறு, இந்தக் கோயில் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்குமே மரியாதை போய்விடும். சங்ககாலத்தில் நம் கரையில் விளக்கு எரிந்தது என்பதை அந்தப் பாட்டை வைத்தே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அதற்குக் கோயிலைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை.

சுடர்மாடம்:
இந்த வாதத்தை ஏற்கிறேன். பிற்காலக் கப்பல்காரர்கள் இந்த ஊரை ஏழு கோயில் என்று குறித்து வைத்து, அடையாளமாகக் கொண்டு கரையை அறிந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பகலில் கோபுரம், இரவில் தீ. இரண்டுமே மாலுமிக்கு வழிதான்.

அலைமானி:
விளக்கை ஏன் இவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள் என்று மகன் கேட்பான், அதற்கும் தயாராக இருங்கள். பூமி வளைந்திருக்கிறது. விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் அடிவானத்துக்குக் கீழே இருக்கும் கப்பலுக்குத் தெரியாது. கணக்கு எளிது: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 25 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 18 கிலோமீட்டர். 50 மீட்டருக்கு 25. 100 மீட்டருக்கு 36. உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் தூரம் இரண்டு மடங்காகும்.

கப்பலில் நிற்பவரின் கண் உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்ட வேண்டும். விளக்கு 50 மீட்டரிலும் கப்பல் மேல்தளம் 16 மீட்டரிலும் இருந்தால் சுமார் 39 கிலோமீட்டர், அதாவது 21 கடல்மைல். பழைய கப்பலில் பாய்மரத்தின் உச்சிக்கு ஆள் ஏற்றிப் பார்த்ததன் காரணமும் இதுதான்.

இப்போது சென்னையின் நான்கு விளக்குகளைப் பாருங்கள். தட்டையான ஊர், குன்று கிடையாது. அதனால் மொட்டைமாடி, தூண், கோபுர உச்சி என்று உயரம் தேடி அலைந்தார்கள். மாமல்லபுரத்தில் பாறையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கட்டடம் குட்டையாக இருந்தாலும் போதும்.

லென்ஸையும் காட்டுங்கள். ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களில் கொண்டுவந்த முறை. ஒரே பெரிய கண்ணாடி என்றால் அதன் கனமே தாங்காது. அதனால் வளையம் வளையமாகப் பட்டகங்களை அடுக்கி, நாலாபக்கமும் சிதறும் ஒளியைக் கிடைமட்டக் கற்றையாக்கினார். ஒவ்வொரு விளக்குக்கும் மின்னும் கால இடைவெளி தனி. கப்பலில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டு, இது எந்த ஊர் விளக்கு என்று சொல்லிவிடுவார். இரவில் மாமல்லபுரத்தில் தங்கினால் மகனை அதை எண்ணச் சொல்லுங்கள்.

தோணித்துறை:
சதுரங்கப்பட்டினத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தொல்லியல் துறை பராமரிப்பில் இருப்பதால் சுத்தமாக இருக்கும், நிழல் உண்டு, ஏற வேண்டிய படி குறைவு. பெரியவர்களுக்கு இந்த வரிசையிலேயே ஏற்ற இடம் இதுதான்.

டச்சுக்காரர்களின் வணிகத் தளம். மஸ்லின் துணி இங்கிருந்து கப்பல் ஏறியது. அதனால் இது கோட்டை என்பதைவிடக் காவல் போட்ட கிடங்கு. செங்கல் மதிலுக்குள் நீளமான கிடங்குகள், வாசலில் பீரங்கிகள். உள்ளே டச்சுக் கல்லறைகள். பூட்டியிருந்தால் அங்கே இருக்கும் காவலரிடம் மரியாதையாகக் கேளுங்கள், எனக்குத் திறந்துவிட்டார். கல்லறைக் கல்லில் எழுத்துகளைத் தோண்டாமல், சுற்றியுள்ள கல்லைக் குடைந்து எழுத்தை மேலெழச் செய்திருக்கிறார்கள். விரலால் தடவினால் ஒவ்வொரு எழுத்தும் கையில் தட்டும். குடும்பச் சின்னம், கப்பல், கொடிப் பூ எல்லாம் அவ்வளவு நுணுக்கம்.

கடல்பக்கம் நின்று இதையும் நினைத்துப் பாருங்கள். 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கரைக்கு எதிரே ஆங்கிலேயர் ஹியூஸும் பிரெஞ்சுக்காரர் சுஃப்ரனும் கப்பற்படைகளோடு மோதினார்கள். யாருக்கும் முழு வெற்றியில்லை. சுஃப்ரன் அங்கிருந்து பரங்கிப்பேட்டைக்குப் போய், ஹைதர் அலிக்கு உதவியாக வந்த படைகளை இறக்கினார்.

கரைவலை:
நான் ஒன்று மனதில் பட்டதைச் சொல்கிறேன். டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம் என்று யார் யாரிடமிருந்து பிடித்தார்கள் என்பதே பேச்சாக இருக்கிறது. அந்தச் செங்கல்லைச் சுட்டவர், சுண்ணாம்பு அரைத்தவர், படகில் பீரங்கியை ஏற்றி இறக்கியவர் எல்லாம் இந்தக் கரையின் ஆட்கள். எங்கள் குடும்பம் தலைமுறையாகக் கடல் தொழில். கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்துக் குப்பத்தையும் கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுமரம் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஆலம்பரையில் படகில் முகத்துவாரம் வரை கூட்டிப்போகும் அண்ணன்களிடம் பேசினால், எந்தக் கொத்தளம் எந்த வருடம் தண்ணீரில் விழுந்தது என்று பலகையில் இல்லாததையும் சொல்வார்கள்.

பழையமாடம்:
நீங்கள் சொல்வது சரி தம்பி. கோட்டைகளைச் சுவராக மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

நெய்தல்நிலா:
போய் வந்துவிட்டோம்! ஈசிஆர்வாசி சொன்னபடி தெற்கிலிருந்து வடக்காக மூன்று இடம் மட்டும். புதுச்சேரியை விட்டுவிட்டோம். 1836-லிருந்து 1979 வரை எரிந்த விளக்கைப் பார்க்காமல் விட்டது மகனுக்கு வருத்தம்தான், ஆனால் அதற்குத் தனியாகத்தான் போகவேண்டும்.

ஆலம்பரைக்குப் போகும்போது வெயில் இன்னும் ஏறவில்லை. அறிவிப்புப் பலகையில் படித்தது: ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலி கான் கையில் இருந்தது, 1750-ல் முசாபர் ஜங் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தது, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. நாணயச் சாலை கூட இருந்திருக்கிறது. அப்பா அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது சுவர்தான். மெல்லிய தட்டைச் செங்கல். உப்புக்காற்று செங்கல்லை மட்டும் அரித்துத் தின்றுவிட்டிருக்கிறது, நடுவில் பூசிய சுண்ணாம்புக் காரை அப்படியே நிற்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் தேன்கூடு மாதிரி வரிசையாகக் குழிகள். மகன் விரலை விட்டுப் பார்த்தான், செங்கல் மாவாக உதிர்ந்தது. உடனே கையை எடுக்கச் சொல்லிவிட்டேன். 2004 சுனாமியிலும் சேதமாகி, கடல்பக்கம் பெரிய பெரிய சுவர்த்துண்டுகள் அப்படியே தண்ணீரில் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு துண்டில் மேலே ஏறும் படிகூட முழுசாக இருக்கிறது, படுத்த நிலையில்.

கரைவலை அண்ணன் சொன்னது போலப் படகுக்காரரிடம் பேசினோம். முன்பு எங்கே கரை இருந்தது, இப்போது முகத்துவாரம் எப்படி நகர்கிறது என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அப்பாவும் அவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சதுரங்கப்பட்டினத்தில் கல்லறைகளைத் திறந்துவிட்டார்கள். தோணித்துறை எழுதியதைப் படித்துவிட்டுப் போனதால் எழுத்தைத் தடவிப் பார்த்தோம். கொடியும் பூவும் எழுத்தைவிட அழகு. பெயர் படிக்கத் தெரியவில்லை, ஆனால் வருடங்களை மகனே படித்துவிட்டான். அதில் சில குழந்தைகளின் கல்லறை என்று புரிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

மாமல்லபுரத்தில் அப்பா பாறையடியில் மர நிழலில் உட்கார்ந்துகொண்டார். நானும் மகனும் ஏறினோம். கடைசி ஏணி உண்மையிலேயே செங்குத்து. இறங்கும்போது முகத்தை ஏணிப் பக்கம் வைத்து இறங்க வேண்டும், பையைத் தோளில் மாட்டாமல் இருப்பது நல்லது. மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் ஒலக்கண்ணேஸ்வரர், எதிரே கடற்கோயில், அதைச் சுற்றிக் கடலோரத்தில் கொட்டியிருக்கும் பாறைகள் எல்லாம் தெரிகின்றன.

அலைமானி:
அந்தப் பாறைகளை மகனுக்குக் காட்டினீர்களா? கடற்கோயிலை அலை அரிக்காமல் இருக்கப் போட்ட தடுப்பு அது. காற்று கொண்டுவரும் மணலையும் உப்பையும் குறைக்கச் சவுக்கு மரங்களும் நட்டார்கள். கடற்கரைப் பாதுகாப்பு என்றால் பீரங்கி மட்டும் நினைவுக்கு வரக் கூடாது. இன்று நம் கரையில் நடக்கும் சண்டை பெரும்பாலும் மணலுக்காகத்தான்.

புதுச்சேரிக்குப் போகும்போது இதையே கவனியுங்கள். அங்கே 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு வடக்கே ஊர்க் கடற்கரை மணல் முழுக்கப் போய், கருங்கல் மட்டும் மிஞ்சியது. சில வருடம் முன்பு கடலடியில் செயற்கைத் திட்டு ஒன்றைப் போட்டதும் காந்தி சிலை பக்கம் மணல் மறுபடி சேர்ந்தது. பழைய கலங்கரை விளக்கம் அந்தக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. ஆக இரண்டு பாடமும் ஒரே இடத்தில்.

நெய்தல்நிலா:
காட்டினேன் சார். "அப்ப கோட்டைக்குப் பக்கத்துல கடல் தள்ளிப் போச்சு, இங்க கிட்ட வருது, ரெண்டும் மணலாலயா?" என்று அவனே கேட்டான். உங்கள் விளக்கம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது சென்னைப் பகுதி. ஞாயிற்றுக்கிழமை காலை போகலாம் என்று இருக்கிறோம். வரிசை என்ன வைக்கலாம்?

பழையமாடம்:
ஞாயிறு காலை நல்ல தேர்வு, அந்தப் பக்கம் நெரிசலே இருக்காது. முதலில் உயர்நீதிமன்றச் சுவரில் எம்டன் கல், அங்கிருந்தபடியே தூணும் கோபுரமும். பிறகு கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம். ஞாயிறு வழிபாடு நடந்தால் முடியும்வரை காத்திருங்கள். அருங்காட்சியகம் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். கடைசியில் மெரினா. வெயில் ஏறியிருந்தாலும் லிஃப்ட் இருப்பதால் அப்பாவுக்குச் சிரமம் இல்லை. மதிய இடைவேளைக்கு முன் மேலே போய்விட வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

தோணித்துறை:
அதற்கு அடுத்து பழவேற்காடு அக்கா. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த ஊர். கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது, முள்ளும் மேடும்தான். ஆனால் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு சிற்பம் நிற்கும், பத்து வயதுப் பையன் மறக்கவே மாட்டான். கலங்கரை விளக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் மணல்திட்டில். ஜனவரி, பிப்ரவரியில் போனால் பூநாரைகளையும் பார்க்கலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, புயல் என்று இருக்கும். அப்போது ஏரியில் படகு ஏற வேண்டாம்.

நெய்தல்நிலா:
அப்படியானால் ஜனவரி கடைசி வாரம். வருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.

கரைவலை:
நான் வருகிறேன். பழவேற்காட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், படகு நான் பார்த்துக்கொள்கிறேன்.